ஏர் ரைஃபிளுக்கு அலங்காரப் பாகங்கள்: வாங்குவதா, கடையில் கொடுப்பதா, வீட்டில் அச்சிடுவதா?

10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகத் தொடங்கி ஓராண்டு போனதும் பெரும்பாலானவர்களுக்கு ஓர் ஆசை வந்துவிடுகிறது. துப்பாக்கி தன்னுடையதாகத் தெரிய வேண்டும். பயிற்சிக்கூடத்தில் வரிசையாக வைத்திருக்கும் ஐந்தாறு ரைஃபிள்களும் ஒரே சாயலில் இருக்கும்போது, பக்கவாட்டில் ஒரு நிறத் தகடு, தன் பெயர், குண்டுகளை எடுத்து வைக்கக் கைக்கு அடக்கமான ஒரு குண்டுத் தட்டு என்று மனம் போகிறது. தவறே இல்லை. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற பிரிவு இது. பழகும் பிள்ளைகள் தங்கள் கருவியை நேசிப்பதும், அதைத் துடைத்து அலங்கரித்து வைப்பதும் இந்த விளையாட்டின் ஒரு பகுதிதான்.

3டி பிரிண்டர் விலை குறைந்தபின், இதற்காகவே ஒன்று வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். என் பதில், நீங்கள் எதைச் செய்யப்போகிறீர்கள், அதை எத்தனை முறை திருத்துவீர்கள் என்பதைப் பொறுத்தது. பாகத்தின் விலை இதில் பெரிய கணக்கே அல்ல.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது வெளியே ஒட்டும், மாட்டும், கழற்றும் பொருள்களைப் பற்றி மட்டும்: ரைஃபிளின் உடலான அலுமினியக் கட்டையின் இடைவெளிகளை மூடும் பக்கத் தகடு, பெயர்ப்பலகை, பின்புறக் குறிக்காட்டியில் மாட்டும் பிளைண்டர் (குறிபார்க்காத கண்ணுக்கான மறைப்பு), குண்டுத் தட்டு, திருகு முனைகளுக்கான மூடி, குழலில் குண்டு இல்லை என்று காட்டச் செருகும் பாதுகாப்புக் கயிற்றின் கைப்பிடி. குழல், விசை, குண்டு ஏற்றும் நெம்புகோல், காற்றுச் சிலிண்டர், குறிக்காட்டி உட்காரும் தண்டவாளம் ஆகியவற்றின் பக்கம் வீட்டுப் பிரிண்டர் போகவே கூடாது. சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தம் இருக்கிறது. அதன் மேல் சூடு படுத்துவதும், துளை போடுவதும், அழுத்தமானியையும் காலாவதித் தேதியையும் மறைக்கும்படி அழகான உறை போடுவதும் ஆபத்து. குழல் முனைக்குத் தூசி மூடி செய்து தரும்படியும் சிலர் கேட்கிறார்கள். அதையும் செய்யாதீர்கள். மறந்து கழற்றாமல் சுட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிள்கள் இந்த ஆற்றல் வரம்புக்கு வெகு கீழேயே இருக்கின்றன. ஆனால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிகளையும் அவற்றின் பாகங்களையும் உரிமமின்றித் தயாரிப்பதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அலங்காரத் தகடு அதில் சேராது. என்றாலும், போலி மகசின், ராணுவத் துப்பாக்கியின் சாயல் என்று போனால் தெருவில் பார்ப்பவர் பயப்படுவார், காவலர் நிறுத்துவார். விளையாட்டுக் கருவி விளையாட்டுக் கருவியாகவே தெரியட்டும்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

ரைஃபிள் தயாரிப்பாளரிடமோ இறக்குமதியாளரிடமோ ஆயத்தப் பாகம் வாங்குவது முதல் வழி. கன்னம் பதியும் பலகை, தோள் தாங்கி, பிடி ஆகியவற்றுக்கு இதைத் தவிர வேறு யோசனை வேண்டாம். இவற்றை அலங்காரம் என்று நினைப்பதே பிழை. 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள பொட்டு. கன்னம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் கண் இறங்குகிறது, குறிக்காட்டியின் வட்டத்துக்குள் முன்வளையம் நகர்ந்துவிடுகிறது. திருகு வைத்து இறுக்கிய பிளாஸ்டிக், அழுத்தம் தொடர்ந்தால் நாளடைவில் மெல்ல மெல்ல இளகி வடிவம் மாறும். இன்று சரியாக இருப்பது மூன்று மாதத்தில் தளர்ந்திருக்கும், சுடுகிறவருக்குக் காரணம் தெரியாது. உலோகத்திலும் மரத்திலும் வரும் அசல் பாகத்துக்குக் கொடுக்கும் காசு வீணல்ல.

பக்கத் தகடு, பெயர்ப்பலகை போன்ற தட்டையான பொருள்களுக்கு, பலரும் நினைத்துப் பார்க்காத ஒரு வழி தெருமுனையிலேயே இருக்கிறது. கோப்பை, கேடயம், பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் லேசர் வெட்டும் இயந்திரம் இருக்கும். அக்ரிலிக், மெல்லிய பிளைவுட், சில இடங்களில் மெல்லிய ஈட்டி மரப் பலகையும் வெட்டித் தருவார்கள். ஓரம் சுத்தமாக வரும், எழுத்தையும் பொறித்துவிடலாம். தட்டையான ஒரு பொருளுக்காக 3டி பிரிண்டர் வாங்குவது தேவையில்லாத செலவு என்றே சொல்வேன். என் ரசனையில், கறுப்பு அலுமினியக் கட்டைக்குள் இரண்டரை மில்லிமீட்டர் ஈட்டிப் பலகை உட்கார்ந்திருக்கும் அழகுக்கு எந்தப் பிளாஸ்டிக்கும் ஈடாகாது. நல்ல தச்சர் ஒருவர் பழக்கமிருந்தால் அவரே வெட்டி, இழைத்து, மெழுகு போட்டுத் தருவார்.

வளைவும் பிடிப்பும் உள்ள பொருள் என்றால்தான் அச்சுக்கு வேலை வருகிறது. அங்கே இரண்டு வழிகள்: வடிவத்தை நீங்கள் வரைந்து அச்சுக்கடையில் கொடுப்பது, அல்லது வீட்டிலேயே அச்சிடுவது.

அச்சுக்கடையின் பலம், வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத இயந்திரம். நைலான் தூளை லேசரால் உருக்கிச் செய்யும் முறையில் வரும் பாகம் மணல் பூசியதுபோல் மங்கலாக, அடுக்குக் கோடு தெரியாமல் இருக்கும். எந்தத் திசையில் வளைத்தாலும் ஏறக்குறைய ஒரே வலிமை. கறுப்புச் சாயம் ஏற்றினால் தொழிற்சாலைப் பொருள்போலவே தெரியும். வீட்டில் உருகிய இழையை அடுக்கடுக்காக இடும் பிரிண்டரில் இப்படி வராது. அதன் பாகம் அடுக்கு சேரும் இடத்தில்தான் முதலில் உடையும். கடையின் பலவீனம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி பணம், மறுபடி கூரியருக்குக் காத்திருப்பு. முதல் வடிவம் அப்படியே பொருந்துவது அபூர்வம். ஆகவே கடைக்கு அனுப்பும் முன் வரைபடத்தை நூறு சதவீத அளவில் காகிதத்தில் எடுத்து, தடித்த அட்டையில் ஒட்டி, வெட்டி, ரைஃபிளின் மேல் வைத்துப் பாருங்கள். பாதிப் பிழை அங்கேயே பிடிபடும். அட்டை பொருந்தியபின் அனுப்பினால் ஒன்றிரண்டு சுற்றில் வேலை முடிந்துவிடும். வாழ்க்கையில் ஒரே ஒரு பிளைண்டரும் ஒரு தட்டும் வேண்டும் என்கிறவருக்கு இதுவே சரியான வழி.

சொந்தப் பிரிண்டரின் பலம், திருத்தம் மலிவு என்பது. நல்ல பிரிண்டர் சுமார் 20,000 முதல் 40,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு கிலோ இழை ஆயிரம் ரூபாய் அளவில் வருகிறது. 150 மில்லிமீட்டர் நீளம், 40 அகலம், இரண்டரை கனம் உள்ள ஒரு தகடு முழுவதும் நிரப்பி அச்சிட்டாலும் சுமார் 19 கிராம்தான், பொருள்செலவு இருபது ரூபாய். மாலையில் மாற்றி, இரவில் அச்சிட்டு, காலையில் பொருத்திப் பார்க்கலாம்.

இது எப்படி உதவுகிறது என்பதற்குப் பிளைண்டரையே எடுத்துக்கொள்வோம். குறிபார்க்காத கண்ணை மூடிச் சுருக்காமல் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்வதற்கான சின்ன மறைப்பு அது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி, பின்புறக் குறிக்காட்டியில் மாட்டும் பிளைண்டரின் உயரம் 30 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, துளையின் மையத்திலிருந்து குறிபார்க்காத கண் பக்கமாக 100 மில்லிமீட்டருக்கு மேல் நீளவும் கூடாது. இரண்டும் எளிய எண்கள், வரைபடத்தில் நேராக இட்டுவிடலாம். சிரமம் வளையத்தில் இருக்கிறது. குறிக்காட்டியின் கண்வளையத்தை வெர்னியர் காலிபரால் மூன்று இடங்களில் அளந்து, பெரிய அளவை எடுத்து, அதோடு கால் மில்லிமீட்டர் இடம் விட்டு, வளையத்தில் ஒரு வெட்டு வைத்து வரைய வேண்டும். முழுப் பிளைண்டரையும் உடனே அச்சிட வேண்டாம். வளையத்தை மட்டும் நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு எடுத்தால் சில நிமிடங்களில் வந்துவிடும். மாட்டிப் பாருங்கள். கழற்றும்போது கண்வளையத்தைத் திருப்பி, அதன் அமைப்பைக் கலைத்தால் இறுக்கம் அதிகம். தானே சுழன்று தொங்கினால் குறைவு. பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட்டிக் குறைத்து அடுத்த வளையம் எடுக்க வேண்டும். கடையில் கொடுத்து இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

பிளைண்டரின் நிறத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. அழகுக்காகப் பலர் கறுப்பில் செய்துவிடுகிறார்கள். ஒரு கண்ணுக்கு முன்னால் இருட்டு வந்தால் இரண்டு கண்களின் பாவையும் சேர்ந்தே விரியும், குறிபார்க்கும் கண்ணும் கெடும். வெள்ளையிலோ நிறமில்லாத இழையிலோ அரை மில்லிமீட்டர் சொச்சம் கனத்தில் எடுத்தால் ஒளி ஊடுருவும், உருவம் மட்டும் மறையும். இப்படி ஒரு பொருளின் கனத்தை நம் விருப்பத்துக்கு மாற்ற முடிவதுதான் சொந்தப் பிரிண்டரின் உண்மையான லாபம்.

இழை எது என்ற கேள்விக்கு நம் ஊர் வெயில்தான் பதில் சொல்கிறது. பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழை அச்சிட மிக எளிது, கோடுகள் கூர்மையாக வரும், உப்புத்தாளுக்கு நன்றாக இழையும். ஆனால் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகத் தொடங்கும். மே மாதம் சென்னையிலோ மதுரையிலோ வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த வெப்பம் சாதாரணம். கறுப்புப் பெட்டிக்குள் ரைஃபிளோடு இருக்கும் பி.எல்.ஏ. தகடு மாலையில் வளைந்து எழுந்து நிற்கும். பி.இ.டி.ஜி. ஏறக்குறைய 80 டிகிரி வரை தாங்கும், கொஞ்சம் வளைந்து கொடுக்கும், மாட்டும் பிடிகள் சட்டென்று முறியாது. ஏ.எஸ்.ஏ. நூறு டிகிரி அளவுக்குத் தாங்கும், வெயிலில் நிறமும் மங்காது. ஆனால் அதற்கு மூடிய பிரிண்டர் வேண்டும், வாடை வரும், காற்றோட்டம் கட்டாயம். 10 மீட்டர் பயிற்சி பெரும்பாலும் கூரைக்குக் கீழேயே நடப்பதால் ஏ.எஸ்.ஏ.வின் வெயில் தாங்கும் குணம் இங்கே வீண். ஏ.பி.எஸ்.ஸுக்கும் இதே வாடை, இதே தொல்லை. படுக்கையறையில் வைத்து அதை அச்சிடுவதை என்னால் ஒருபோதும் பரிந்துரைக்க முடியாது.

அளவுச் சோதனைக்குப் பி.எல்.ஏ., ரைஃபிளில் நிலைத்து இருப்பதற்குப் பி.இ.டி.ஜி. இரண்டு சுருள்கள் போதும். ஆனால் சுருங்கும் அளவு இழைக்கு இழை மாறுவதால், கடைசி வளையத்தைப் பி.இ.டி.ஜி.யில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ரப்பர்போல் வளையும் டி.பி.யு. பார்க்க ஆசையாக இருக்கும். குண்டுத் தட்டின் அடியில் ஒட்டினால் மேசையில் வழுக்காது, அதற்கு நல்லது. ரைஃபிளின் பிடியிலும் முன்கட்டையிலும் வேண்டாம். பிடிமானத்தைக் கூட்டும் பொருளை அங்கே சேர்ப்பதை ஏர் ரைஃபிள் விதிகள் தடுக்கின்றன. கருவிச் சோதனை மேசையில் நடுவர் கழற்றச் சொன்னால், பழகிய பிடி இல்லாமல்தான் போட்டியில் நிற்க வேண்டியிருக்கும்.

கடலோர ஊர்களில் இழை ஈரத்தை உறிஞ்சும். பி.இ.டி.ஜி.யும் டி.பி.யு.வும் இதில் மோசம். இழை உருகி வெளிவரும் முனையான நாசிலிலிருந்து பொரிவதுபோல் சத்தம் வந்தாலும், பாகத்தைச் சுற்றி நூல் நூலாகத் தொங்கினாலும் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பெருமளவு தீரும்.

திரவப் பிசினை ஒளியால் உறையவைத்து அச்சிடும் பிசின் பிரிண்டரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நுண்ணிய வேலைக்கு அதுபோல் வேறில்லை. ஆனால் உறையாத பிசின் தோலுக்குக் கேடு, கையுறையும் கழுவும் திரவமும் தனி இடமும் வேண்டும், விழுந்தால் பாகம் சிதறும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

வரைவதற்கான மென்பொருளில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. குண்டுத் தட்டுக்கு டின்கர்கேட் போதும், உலாவியிலேயே ஓடும், பிள்ளைகளே கற்றுக்கொள்வார்கள். வளையமும் பிடியும் உள்ள பொருளுக்கு ஃப்ரீகேட் அல்லது ஃப்யூஷன் நல்லது, ஏனென்றால் ஓர் எண்ணை மாற்றினால் மற்ற அளவுகள் தாமாகவே மாறும். ஃப்ரீகேட் முற்றிலும் இலவசம். கட்டையின் வளைவை எடுக்க, ரைஃபிளைப் படுக்கவைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, நேர் மேலே சற்று உயரத்திலிருந்து படம் எடுத்து, அந்தப் படத்தின் மேல் கோடு வரையலாம். மிக அருகிலிருந்து எடுத்தால் ஓரங்கள் பிதுங்கிவிடும்.

எப்படிப் பொருத்துவது என்பதில் ஒரே கண்டிப்பு: கட்டையில் துளை போடாதீர்கள். பழகுகிறவர்களில் பலர் சுடுவது கிளப்பின் ரைஃபிள், நாளை வேறொருவர் கைக்குப் போகும். இடைவெளிக்குள் அழுத்தி உட்காரும் பிடியே சிறந்தது. இருபுற ஒட்டுநாடா கழற்றும்போது பசையை விட்டுவிடும். காந்தம் அலுமினியத்தில் ஒட்டாது. அதற்கு இரண்டு பக்கத் தகடுகளிலும் காந்தம் வைத்து, நடு இடைவெளி வழியே ஒன்றையொன்று இழுக்கும்படி செய்யலாம். அது மிக நேர்த்தியாக அமைகிறது.

எடையையும் பாருங்கள். ரைஃபிளின் மொத்த எடை ஐந்தரை கிலோவைத் தாண்டக்கூடாது. எடைக்கட்டிகள் போட்டு வரம்பின் விளிம்பில் வைத்திருப்பவருக்கு இரண்டு தகடும் பிளைண்டரும் சேர்ந்தால் ஐம்பது கிராம்கூடக் கணக்குக்கு வரும். ஒரு பக்கம் மட்டும் கனமாக வைத்தால் சமநிலையும் மாறும்.

மேற்பரப்பு அழகுக்குப் பலர் உப்புத்தாள், பிரைமர், ஸ்பிரே என்று போகிறார்கள். பி.எல்.ஏ.வில் இது நன்றாக வரும், பி.இ.டி.ஜி. தேய்க்கத் தேய்க்கப் பிசுபிசுக்கும். எனக்குப் பிடித்த வழி வேறு. பிரிண்டரில் பாகம் உருவாகும் அடித்தட்டு பொரிப்பொரியான பரப்புள்ளதாக இருந்து, அதில் கண்ணில் படும் முகத்தைக் கீழே வைத்து அச்சிட்டால், அந்த முகம் தோல்போல் ஒரே சீராக வந்துவிடுகிறது. பெயின்டே தேவையில்லை. பெயரை வேறு நிறத்தில் வைக்க, முதல் சில அடுக்குகள் முடிந்ததும் பிரிண்டரை நிறுத்தி இழையை மாற்றினால் போதும்.

தமிழில் பெயர் வைக்க விரும்புகிறவர்கள் எழுத்துருவைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமான 0.4 மில்லிமீட்டர் நாசிலுக்கு ஒரு கோடு குறைந்தது 0.8 இருந்தால்தான் இரண்டு ஓட்டமாகத் தெளிவாக விழும். ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் சின்ன அளவில் அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி தனித்து நிற்பதால் தகட்டில் ஒட்டாமல் பிய்ந்து போகும். தடித்த எழுத்தாக, பத்து மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில், புள்ளியை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக்கி வைத்தால் அருமையாக வருகிறது. புடைத்து நிற்கும் எழுத்தைவிடக் குழிந்த எழுத்து நீடிக்கும். பெட்டிக்குள் உரசித் தேயாது.

பாதுகாப்புக் கயிற்றின் கைப்பிடியை மட்டும் அழகின் பெயரால் கறுப்பாக்கிவிடாதீர்கள். குழலில் குண்டு இல்லை என்பதை எதிரில் இருப்பவருக்குக் காட்டும் அடையாளம் அது. குழல் முழு நீளத்துக்கும் போகும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கயிறுக்கு, அதே நிறத்தில் இரண்டு விரல் பிடிக்கும் வளையம் அச்சிட்டுப் பெயரைப் பொறித்தால், மேசையில் யாருடையது என்று தேட வேண்டியிருக்காது. வீட்டில் செய்யக்கூடியவற்றில் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன்.

தனியாளாக ஒருவர், இரண்டே பொருளுக்காகப் பிரிண்டர் வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். வரையும் வேலையிலேயே ஆர்வம் பிடித்துப்போய், வீட்டுக்கு வேண்டிய மற்ற பொருள்களையும் செய்வேன் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஒரே கிளப்பில் நாலைந்து குடும்பங்கள் பழகும் இடத்தில், சேர்ந்து ஒன்று வாங்கிப் பயிற்சிக்கூடத்தின் அலுவலக அறையில் வைப்பது எல்லாவற்றையும்விட மேல். அங்கே உள்ள ரைஃபிள்கள் ஓரிரு மாடல்களாகவே இருக்கும். ஒருவர் அளந்து சரிசெய்த வளையமும் தகட்டின் விளிம்பும் மற்றவர்களுக்கும் அப்படியே பொருந்தும், பெயரையும் நிறத்தையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பயிற்சியாளரும் பக்கத்திலேயே இருப்பதால், போட்டிக்கு முன் புதிய பாகத்தை நடப்பு விதிப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்.